ஸ்டியரிங் ஆடினால் பாக்ஸைத் திட்டாதீர்கள்: மலை ஜீப்புக்குப் பழைய ஆக்ஸில் சாமான் வாங்கும் முன்

ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காபி மூட்டையும் மிளகு மூட்டையும் இழுக்கும் ஜீப்புகளில் பாதிக்கு மேல் கம்பெனியே மறந்துபோன மாடல்கள். மஹிந்திராவின் சிஜே 340, எம்எம் 540, மாருதி ஜிப்ஸி. இவற்றுக்கு டை ராட் எண்டும் (இரு முன் சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) பேரிங்கும் புதுசு கிடைக்கும். நக்கிள் (முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் துண்டு), ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு), ஸ்டியரிங் பாக்ஸ் என்றால் சேலத்தில் உடைச்ச வண்டிக் கடைக்குத்தான் இறங்க வேண்டும். அங்கே பணம் வீணாவது பெரும்பாலும் கெட்ட சாமானால் அல்ல. நல்ல சாமானையே தப்பான நோய்க்கு வாங்குவதால்தான். ஸ்டியரிங் ஆடுகிறது என்று பாக்ஸை வாங்கி மாட்டுவார்கள். ஆட்டம் அப்படியே இருக்கும். கிங் பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங் போயிருக்கும்.

அதனால் கீழே எல்லாம் அறிகுறியில் தொடங்குகிறது. வண்டியில் என்ன தெரிகிறது, எந்தச் சாமான் காரணம், அதைப் பழசு வாங்கலாமா, கடையில் எப்படிப் பார்ப்பது என்ற வரிசை. பொதுக் கணக்கு ஒன்றுதான்: வார்ப்பு இரும்பும் அடித்த இரும்பும் பழசு வாங்கலாம், உருள்வதும் உரசுவதும் புதுசு. டை ராட் எண்ட், கிங் பின் பேரிங், ஆயில் சீல், யூ போல்ட், ஹப் நட்டின் லாக் வாஷர் ஆகியவற்றைச் சும்மா கொடுத்தாலும் பழசு வேண்டாம். ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட் ஒரு முறை இறுக்கியதும் இழுபட்டுவிடும். இரண்டாம் முறை இறுக்கினால் பிடித்தது போலத் தெரியும், பிடித்திருக்காது.

கடைக்குப் போகும் முன்

உங்கள் ஆக்ஸில் எது என்று எழுதிக்கொள்ளுங்கள். மாடல் பெயரை நம்ப வேண்டாம். 30 வருஷம் ஓடிய ஜீப்பில் முன் ஹவுசிங் ஒரு வண்டியுடையது, பின் ஹவுசிங் இன்னொன்றுடையது என்பது சாதாரணம். பார்க்க வேண்டியவை: டிஃபரன்ஷியலின் உருண்டைப் பகுதி நடுவிலா, எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, ஸ்பிரிங் பட்டை உட்காரும் இரண்டு மேடைகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர், ஆக்ஸில் ஷாஃப்டில் எத்தனை ஸ்ப்ளைன் (நீளவாட்டு வரிப்பல்), வீல் நட் வட்டம். இந்தக் கடைசி அளவு ஏமாற்றும். பழைய ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் 5 நட்டு, 139.7 மி.மீ. வட்டம்தான். சக்கரம் மாட்டிப் பார்த்து “செட் ஆயிடுச்சுங்க” என்று சொல்லிவிடலாம், உள்ளே எதுவும் செட் ஆகாது. ஜிப்ஸியிலேயே குறுகிய டிராக் (இடது வலது சக்கர இடைவெளி), அகல டிராக் என்று இரண்டு உண்டு; ஹவுசிங்கும் ஷாஃப்டும் வேறு வேறு நீளம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பல் கணக்கு. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பான சிஜே-3பி வழி வந்த பழைய ஆக்ஸிலில் பினியன் (டிஃபரன்ஷியலின் சின்னப் பல்சக்கரம்) 8 பல், கிரவுன் (அது சுற்றும் பெரிய பல்சக்கரம்) 43 பல், அதாவது விகிதம் 5.38. பின்னால் வந்த மாடல்களில் விகிதம் மாறியது. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இல்லையென்றால் ஃபோர் வீல் போட்டதும் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுக்கும். சேற்றில் தெரியாது. கல் ரோட்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) போகும். கழற்றிய ஹவுசிங்கில் கவரைத் திறக்க விடவில்லை என்றால் ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்க ஹப்பைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். கிரவுன் 1 சுற்று சுற்றியிருக்கும். அதற்குள் பினியன் ஃபிளாஞ்ச் (பினியனின் வெளிமுனைத் தட்டு) எத்தனை சுற்று என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினால் விகிதம் வந்துவிடும். 5 சுற்றும் அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு சொச்சமும் என்றால் 5.38.

ஸ்டியரிங் கால் சுற்று சும்மா சுற்றுகிறது

வண்டி தரையில் நிற்கட்டும், இன்ஜின் ஆஃப். ஒருவர் ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகச் சின்னதாக ஆட்ட, நீங்கள் கீழே படுத்து பாக்ஸில் இருந்து சக்கரம் வரை ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். முதலில் ஸ்டியரிங் கம்பிக்கும் பாக்ஸுக்கும் இடையே. அடுத்து டிராப் ஆர்ம் (பாக்ஸில் இருந்து தொங்கும் கை) அசையும் முன் ஸ்டியரிங் எவ்வளவு சுற்றுகிறது. அடுத்து அந்தக் கையில் மாட்டிய டிராக் லிங்க் கம்பி. பெல் கிராங்க் (இழுப்பின் திசையை மாற்றும் நெம்புகை) உள்ள பழைய வண்டியானால் அதன் நடு பின். கடைசியாக டை ராட் எண்டுகள். பெல் கிராங்கை யாரும் பார்ப்பதில்லை. கிரீஸ் காணாத பெல் கிராங்க் பின் ஒன்றே முக்கால்வாசி ஆட்டத்தைக் கொடுக்கும். பின்னையும் புஷ்ஷையும் மாற்றினால் தீரும் வேலைக்கு ஒரு பாக்ஸ் விலை கொடுப்பானேன்?

இன்னொன்று: பாக்ஸே சேஸிஸில் அசைகிறதா? கொண்டை ஊசியில் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முறித்து முறித்துப் பழகிய வண்டிகளில், பாக்ஸ் பிடிக்கும் இடத்தில் சேஸிஸ் தகடு போல்ட் ஓட்டையில் இருந்து விரிசல் விடும். அப்படியானால் பாக்ஸ் வேலை இல்லை, வெல்டிங்கும் பட்டை வைத்து அடைப்பதும்தான் வேலை.

இவை எல்லாம் சரி, டிராப் ஆர்மில்தான் தாமதம் என்றால் பாக்ஸ்தான். சிஜே-3பி வகையில் வருவது ரோஸ் பாக்ஸ்: திருகு போன்ற கேமின் வரிப்பள்ளத்தில் இரண்டு முளை உள்ள லீவர் ஓடும். நேராக ஓட்டும்போது முளை நிற்கும் நடுப்பகுதிதான் முதலில் தேயும். பக்கவாட்டு ஸ்க்ரூவை இறுக்கி நடுவில் ஆட்டத்தை எடுத்த பிறகு முழுக்க இடது, முழுக்க வலது சுற்றிப் பாருங்கள். ஓரங்களில் லேசாகத் தளர்ந்தால் இன்னும் ஆயுள் இருக்கிறது. ஓரங்களில் இறுகினால் நடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை இறுக்கி ஓட்டினால் வளைவில் ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும். ஏற்காட்டு ரோட்டில் அது விளையாட்டல்ல. ஜிப்ஸியில் வருவது குண்டு சுழலும் பாக்ஸ், அது நீண்ட நாள் தாங்கும். அங்கேயும் சோதனை இதேதான்.

பழைய பாக்ஸை மேஜையில் பார்க்கும்போது ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி சுற்றி நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கேதான் ஆட்டத்தைப் பாருங்கள். விற்பவர் ஓரத்தில் வைத்து ஆட்டிக் காட்டினால் அதில் ஒன்றும் தெரியாது. ஷாஃப்டின் ஸ்ப்ளைன் நேராக ஓடுகிறதா, லேசாக முறுக்கிக்கொண்டிருக்கிறதா? முறுக்கியிருந்தால் அந்த வண்டி எதிலோ மோதியது. பிடிக்கும் காதுகளில் வெல்டிங் தழும்பு இருந்தாலும் வேண்டாம். ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டும்போது தட்டினால் புஷ் போனது, லேத்தில் புதுப் புஷ் போடலாம். ஷாஃப்டில் விரல் நகம் மாட்டும் பள்ளம் விழுந்திருந்தால் புஷ் போட்டும் ஆயில் நிற்காது.

40-50 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் வெறி பிடித்தது போல் ஆடுகிறது

குழியில் ஒரு சக்கரம் விழுந்ததும் இரண்டு சக்கரமும் உதறத் தொடங்கி, பிரேக் போட்டு நிறுத்தும் வரை நிற்காத ஆட்டம். இதற்கு ஒரே காரணம் இருப்பது அரிது. மூன்று நான்கு சின்னத் தளர்ச்சிகள் கூட்டுச் சேர்ந்தால் வரும். ஸ்டியரிங் டாம்பர் (உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்கி மாட்டினால் ஆட்டம் அடங்கும், நோய் உள்ளேயே இருக்கும். பழைய டாம்பர் வாங்கவே வேண்டாம்.

முதலில் காசில்லாத வேலைகள். டயர் காற்று இரு பக்கமும் சமமா, யூ போல்ட் இறுக்கமா, ஸ்பிரிங் புஷ் உயிரோடு இருக்கிறதா. பிறகு ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஹப் பேரிங்கோ கிங் பின்னோ. ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள்; பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் ஹப் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். இந்த ஒரு சோதனை எத்தனையோ வீண் செலவைத் தடுக்கும்.

ஹப் பேரிங் என்றால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சக்கரம் பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, ஆறில் ஒரு சுற்று பின்வாங்கி லாக் செய்வது பழைய ஜீப்பின் முறை.

அடுத்து டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருப்பது. இரண்டு டயரின் நடுவிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஹப் உயரத்தில் முன்பக்கம் ஒரு அளவு, வண்டியை உருட்டி அதே கோடுகளைப் பின்பக்கம் கொண்டுவந்து இன்னொரு அளவு. முன்பக்கம் 1.2 முதல் 2.4 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இது வில்லிஸ் வகை ஆக்ஸில் கணக்கு.

எல்லாம் சரியாக இருந்தும் ஆடினால் காஸ்டர். அதே ஆக்ஸிலுக்கு 3 டிகிரி இருக்க வேண்டும், அதாவது கிங் பின்னின் மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். உயரம் ஏற்ற நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) போட்ட வண்டிகளில் இது போயிருக்கும். ஷேக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கும் வண்டியில் அதை நீட்டினால் ஆக்ஸில் முன்பக்கம் குனிந்துவிடும். சரிசெய்ய ஆப்புத் தகடு வைக்கிறார்கள்; பாதிப் பேர் திருப்பி வைத்துவிடுகிறார்கள். ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால். ஸ்பிரிங் மேலே இருந்தால் தடித்த பக்கம் பின்னால். ஆப்பு வைத்ததும் முன் பினியன் மூக்கு கீழே இறங்கும். முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் பேரிங் (கூட்டல் குறி வடிவ மூட்டு) கோணம் கூடும். 2 டிகிரிக்கு மேல் ஆப்பு தேவைப்பட்டால் ஷேக்கிளைக் குறைப்பதே நல்லது.

வளைவு முடிந்தும் ஸ்டியரிங் திரும்பி வருவதில்லை

அடிவாரத்தில் இருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வளைத்த ஸ்டியரிங்கைக் கையால் இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தால் ஓட்டுபவரின் தோள்பட்டை சொல்லும். முதலில் ஃபோர் வீல் போட்டபடி தார் ரோட்டில் ஏறுகிறீர்களா என்று பாருங்கள். அப்படியானால் ஸ்டியரிங் இறுகத்தான் செய்யும், சாமான் மேல் குற்றமில்லை.

இல்லையென்றால் முன் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, டை ராடை நக்கிளில் இருந்து கழற்றி, நக்கிளைக் கையால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேர்நிலை வரும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுவது போல் தெரிந்தால் கிங் பின் பேரிங் ரேஸில் (உருளை ஓடும் வளையத்தில்) உருளைகள் தடம் பதித்துவிட்டன. மாதக்கணக்கில் ஓடாமல் எஸ்டேட் ஷெட்டில் நின்ற வண்டிகளில் இது சகஜம். மழை ஈரம் உள்ளே இறங்கி, உருளை நின்ற இடத்திலேயே துரு பிடிக்கும். பேரிங்கை மட்டும் மாற்றி ரேஸை விட்டுவிடாதீர்கள், இரண்டும் ஜோடி.

புதுப் பேரிங் போட்டதும் இறுக்கத்தைக் கையால் குத்துமதிப்பாக வைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். ஆயில் சீல் போடாமல், நக்கிள் ஆர்மின் டை ராட் ஓட்டையில் கொக்கியை மாட்டி இழுக்கும்போது, நக்கிள் நகரும் கணத்தில் வில்லிஸ் வகை ஆக்ஸிலுக்கு 1.8 முதல் 2.7 கிலோ காட்ட வேண்டும். ஜிப்ஸிக்கு இதைவிடக் குறைவு, 1 முதல் 1.8 கிலோ. கூடுதலாக இருந்தால் சிம் (மெல்லிய இடைத்தகடு) சேர்க்கவும், குறைவாக இருந்தால் சிம் எடுக்கவும். ஜீப்பில் மேலே எடுக்கும் கனத்தையே கீழேயும் எடுத்தால்தான் ஷாஃப்ட் ஜாயிண்ட் நடுவில் நிற்கும். பழைய நக்கிள் வாங்கும்போது கூடவே வரும் சிம்களைக் கேட்டு வாங்குங்கள், மேல் கீழ் எது என்று கம்பி கட்டி வாங்குங்கள். கடைக்காரர் அதைக் குப்பை என்று வீசிவிட்டிருந்தால் வேலை அதிகமே தவிர, நக்கிளை விட வேண்டியதில்லை.

நக்கிள் உருண்டையில் ஒழுகுகிறது

கெட்டியான கிரீஸ் வெளியே வந்தால் வெளி ஃபெல்ட் சீல். தண்ணியாக, கியர் ஆயில் வாடையோடு வந்தால் ஹவுசிங் குழாயின் உள் சீல் போய் ஆயில் இங்கே வந்துவிட்டது. இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டால் டிஃபரன்ஷியல் வறண்டுபோகும்.

பழைய ஹவுசிங் வாங்கும்போது உருண்டை மேல் விரலை ஓட்டுங்கள். துருப் புள்ளிகள் சொரசொரவென்று இருந்தால் எந்தச் சீல் போட்டாலும் ஒரு மழைக்காலத்துக்குள் தின்றுவிடும். மேலோட்டமான துரு எமரித் தாளில் போகும், குழி போகாது. ஹவுசிங் மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலும் சீல் ஒழுகும். சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கவரைத் திறந்தால் ஆயில் பாலாடைபோல் வெள்ளையாக இருப்பது அதனால்தான். அந்த ஆயில் உள்ள ஹவுசிங்கை விலை குறைத்துக் கேட்கலாம். ஆனால் பினியன் பேரிங்கைப் புதுசு போடும் கணக்கில்தான்.

முழுசாக வளைக்கும்போது முன்பக்கம் கட கட

ஃபோர் வீலில், வளைவில் மட்டும் சத்தம் வந்தால் முன் ஆக்ஸில் ஷாஃப்டின் வெளி ஜாயிண்ட். கிராஸ் வகையானால் கிராஸ் மட்டும் மாற்றினால் போதும். ஆனால் கிராஸைப் பிடிக்கும் நுகத்தின் காது ஓட்டைகளைப் பாருங்கள். புதுக் கப் வைஸில் வைத்து அழுத்தித்தான் இறங்க வேண்டும். கட்டைவிரலால் தள்ளினாலே இறங்கினால் காது விரிந்துவிட்டது, அந்த ஷாஃப்ட் இரும்புக் கடைக்கு. குண்டு வகையானால் கூண்டின் ஜன்னல்களில் விரிசல், குண்டு ஓடும் பள்ளத்தில் உரிந்த தடம் இரண்டையும் பார்க்க வேண்டும். கிரீஸோடு விற்பவரிடம் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்; துடைக்கத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம். பழைய ஜீப்பில் மூன்று நான்கு வகை ஜாயிண்ட் வந்திருப்பதால் உள் துண்டும் வெளித் துண்டும் ஒரே செட்டாக வாங்குவதே நிம்மதி.

ஹவுசிங் ஊளையிடுகிறது

ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஒரு சத்தம், விட்டால் வேறு சத்தம் என்று மாறினால் கிரவுன் பினியன். ஆக்ஸிலரேட்டரோடு சம்பந்தமில்லாமல், வண்டியை இடம் வலமாகச் சாய்க்கும்போது மாறினால் வீல் பேரிங். சேலம்-ஏற்காடு இறக்கத்தில் கியரில் இறங்கும்போது மட்டும் ஊளை என்றால் பல்லின் மறுபக்கம் தேய்ந்தது. பினியன் நட் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் வரும், அதை முதலில் பாருங்கள்.

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். எண் ஒத்துப்போகாத ஜோடியை எவ்வளவு சிம் போட்டாலும் ஊளை போகாது. தனித்தனியாக வாங்குவதைவிட ஓடிக்கொண்டிருந்த முழு ஹவுசிங்கை வாங்குவதே மலிவாக முடியும். கவரைத் திறந்து பாருங்கள்: பாதிப் பல் மட்டும் துருப் பிடித்த கோடு தெரிந்தால் தண்ணீரோடு நின்ற வண்டி. அடியில் மினுக்கும் பொடி கொஞ்சம் இருக்கலாம். செதில் இருக்கக் கூடாது. டானா 44 வகை ஆக்ஸிலில் கிரவுனுக்கும் பினியனுக்கும் இடைவெளி 0.13 முதல் 0.25 மி.மீ. டயல் கேஜ் வைத்து நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். நான்கிலும் வேறு வேறு அளவு வந்தால் கிரவுன் கோணியிருக்கிறது.

கியர் போட்டதும் பின்னால் ‘டங்’

புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் சரியா என்று முதலில் பாருங்கள். அடுத்து டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியரும் அதன் குறுக்குப் பின்னும். ஆனால் பழைய இரண்டு துண்டு ஆக்ஸிலில், ஷாஃப்டின் முனை கூம்பாக இருந்து ஹப் தனியாகச் சாவி (சின்ன இரும்புக் கட்டை) வைத்துப் பிடிக்கும் வகையில், இந்தச் சத்தத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. நட் தளர்ந்து ஹப் சாவி மேல் ஆடுகிறது; சாவி வெட்டுப்பட்டால் ஏற்றத்தில் வண்டி இழுவையின்றி நிற்கும், அதைவிட மோசம் கூம்பில் ஷாஃப்ட் முறிவது. நட் குறைந்தது 200 நியூட்டன் மீட்டர் இறுக வேண்டும். சாதாரண வீல் ஸ்பானர் போதாது. பழைய ஷாஃப்ட் வாங்கும்போது கூம்பும் ஹப்பின் உள் பக்கமும் நீலநிறமாகவோ கோடு கோடாகவோ இருந்தால் ஆடி ஓடியது. கூம்பில் நீலமை தடவி ஹப்பை மாட்டி எடுத்தால் சுற்றிலும் சமமாகப் படிந்திருக்க வேண்டும். பொருத்தியபின் ஷாஃப்டின் நீளவாட்டு ஆட்டம் 0.1 முதல் 0.2 மி.மீ., பிரேக் தட்டுக்குப் பின்னால் உள்ள சிம்மில் அமைப்பது.

டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது

டோ-இன் சரிசெய்தும் தேய்ந்தால் ஹவுசிங் வளைந்திருக்கலாம். கடையில் பார்க்கும் வழி: இரண்டு ஹப்பிலும் நல்ல ரிம் மாட்டி, நேர்நிலையில் வைத்து, மேலும் கீழும் ரிம் ஓரங்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். வில்லிஸ் ஆக்ஸிலில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை டிகிரி கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாய்வது) இருப்பதால் மேலே அகலம் கூடுதலாகவே வரும். ரிம் விட்டம் 400 மி.மீ. என்றால் பக்கத்துக்கு சுமார் 10 மி.மீ. இரு பக்கமும் அந்தச் சாய்வு சமமா என்பதே கேள்வி. குழாயில் வெல்டிங் தழும்பு, ஸ்பிரிங் மேடையைச் சுற்றி விரிசல், புதுப் பெயிண்ட்: மூன்றும் சந்தேகம்.

விற்பவருக்கு

பெயிண்ட் அடிக்காதீர்கள். டீசல் போட்டுக் கழுவிய துருவுக்கு, புதுக் கறுப்புப் பெயிண்ட்டைவிட நல்ல விலை கிடைக்கும். ஹவுசிங்கைக் கழற்றாமல் ஹப் முதல் ஹப் வரை விற்றால் வாங்குபவர் சுற்றிப் பார்த்து எடுப்பார். துண்டு துண்டாக்கினால் நக்கிள் மட்டும் போய் மற்றது கிடக்கும். பல் எண்ணிக்கை, ஸ்ப்ளைன், மேடை இடைவெளி மூன்றையும் சாக்பீஸில் எழுதி வையுங்கள். எந்த வண்டியில் இருந்து எடுத்தது என்று பதிவு எண்ணோடு பில் கொடுங்கள். வாங்குபவரும் அதைக் கேட்டு வாங்குங்கள். விலை பேசும்போது “அண்ணே, பேரிங் எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லி அதற்கும் சேர்த்துக் கேட்காதீர்கள். வாங்குபவர் பேரிங்கையும் சீலையும் மாற்றத்தான் போகிறார். அந்தச் செலவையும் லேத் கூலியையும் புதுச் சாமான் விலையில் கழித்தபின் மிஞ்சுவதுதான் பழசின் உச்ச விலை.